வீட்டுத் தறி

பிறந்த ஊரை விட்டு வேற்று நாட்டில் குடியேறுகிறவர்கள் எவற்றை உடன் கொண்டு செல்கிறார்கள், எவற்றை விட்டுச் செல்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ள ஓர் ஆராய்ச்சி. கோலார் தங்கவயலுக்கு வந்த நம் முன்னோர் தமிழைக் கொண்டு வந்தார்கள். மாரியம்மனைக் கொண்டு வந்தார்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் கொண்டு வந்தார்கள். சாம்பியன் ரீப்ஸ், உரிகம், மாரிக்குப்பம் ஆகிய இடங்களில் இன்றைக்கு நடந்து செல்பவரும் இவற்றைக் காணலாம், கேட்கலாம். ஆயினும், நெசவு மிகுந்த மாவட்டங்களிலிருந்து அத்தனை பேர் வந்து குடியேறியும் தங்கவயல் ஒரு நெசவூராக ஆகவில்லை. மொழியும் தெய்வமும் பெயர்ந்து வந்த வழியிலே தறி பெயர்ந்து வரவில்லை. அஃது ஏன்? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், தறி என்னும் எளிய மரக்கருவியின் வரலாறே நம் கண்முன் விரிகிறது. அதன் முடிவில், அத்தகைய தறி ஒன்றை நம் வீட்டிலேயே அமைக்கும் வழியும் புலப்படுகிறது.

தங்கவயலின் தோற்றத்தை நாம் அறிவோம். 1875-ஆம் ஆண்டில் மைக்கேல் லவேல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்ட உரிமை பெற்றார். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டிய பெரும் பஞ்சம் நிகழ்ந்தது. வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாகச் சுரங்க வேலைக்கு வந்தார்கள். 1894-இல் மாரிக்குப்பம் வரையில் இரயில் பாதை போடப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டி, உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

வந்தவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதை நோக்குங்கள். ஆரணியும் குடியாத்தமும் வடஆர்க்காட்டின் நெசவூர்கள். சேலமோ தமிழ்நாட்டின் பெரிய நெசவு நகரங்களுள் ஒன்று. நெசவு என்றவுடன் கைக்கோளர், தேவாங்கர், சாலியர், சௌராட்டிரர் ஆகியோரை மட்டுமே நாம் நினைக்கிறோம். ஆனால், 1909-ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருநூல் வேறொரு செய்தியையும் கூறுகிறது. கோலியர் எனப்படும் நெசவாளர், பறையருள் ஒரு பிரிவினராகக் கருதப்பட்டனர் என்பதே அச்செய்தி. உழவர் உடுத்தும் முரட்டுத் துணி இத்தகைய கைகளில்தான் உருவாயிற்று. பட்டுக்குப் பெயர் போன ஊர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. உழுபவனுக்கு வேட்டி நெய்தவர்களை அது பெரும்பாலும் மறந்துவிட்டது. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளருள் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். ஆகவே, பாறையைத் துளைக்க வந்த கைகளுள் பாவு பிடித்த கைகளும் இருந்திருக்கக் கூடும் என்று எண்ண இடம் இருக்கிறது.

இனி, அவர்கள் விட்டு வந்த தறி எத்தகையது என்று பார்ப்போம்.

நம் நாட்டின் பழந்தறி குழித்தறி. வீட்டின் மண் தரையிலே ஒரு சிறு குழி வெட்டுவார்கள். நெசவாளி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வான். குழிக்குள் மிதிகள் இருக்கும். அவன் மடிக்கு நேரே படமரம் என்னும் உருளை குறுக்காகக் கிடக்கும். நெய்து முடிந்த துணி அதிலே சுற்றிக்கொள்ளும். எதிரே பாவு நூல்கள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்நூல்களை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்துத் தூக்குபவை விழுதுகள். ஒரு மிதியை அழுத்தினால் ஒற்றைப்படை இழைகள் மேலே எழும். மறு மிதியை அழுத்தினால் இரட்டைப்படை இழைகள் எழும். எழுந்த இழைகளுக்கும் தாழ்ந்த இழைகளுக்கும் இடையே உண்டாகும் வழியில் நாடா ஊடை நூலைக் கொண்டு ஓடும். ஓடிய இழையைச் சீப்புப் போன்ற அச்சு முன்னே தள்ளி இறுக்கும். பிரித்தல், ஓட்டுதல், இறுக்குதல் ஆகிய இம்மூன்று செயல்களே நெசவு. காஞ்சிப் பட்டானாலும் சமையலறைக் கைத்துணியானாலும் இம்மூன்றுக்கு மேல் நான்காவது செயல் இல்லை.

இந்தத் தறியை எந்தக் கடையிலும் எவரும் வாங்கியதில்லை. கால்மரமும் படமரமும் ஊர்த் தச்சன் செய்தவை. விழுது, நெசவாளி வீட்டில் நூலால் கட்டியது. அச்சு, அதற்கென்றே இருந்த அச்சுக்கட்டுபவர் நாணல் கீற்றுகளைக் கோத்துக் கொடுத்தது. குழியோ நெசவாளியே தோண்டியது. வீட்டுப் பெண்கள் நூலை இழைத்தார்கள். சிறுவர்கள் தார் சுற்றினார்கள். பாவுக்குக் கஞ்சி போட்டுத் தோய்த்து, தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, இருபுறமும் நின்று தூரிகையால் நீவினார்கள். இவ்வேலைக்காகவே நெசவூர்களில் அகன்ற நீண்ட திறந்த இடம் விட்டிருந்தார்கள். அதற்குப் பாவடி என்று பெயர். காலை வெயில் ஏறுமுன் பாவடியில் நடக்கும் வேலைக்கு ஒரு வீட்டுக்காரர் போதாது. அண்டை வீட்டாரும் வந்து கைகொடுக்க வேண்டும். எனவே, தறி வீட்டுக்குள் இருந்தாலும் நெசவு தெருவில் இருந்தது எனலாம்.

தறிக்கு நம் நாட்டில் இருந்த மதிப்பைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காட்டுகின்றன. தறி இறை என்றும் தறிக்கடமை என்றும் தறிக்கு விதித்த வரியைப் பழங் கல்வெட்டுகளில் காண்கிறோம். நிலத்தைக் கணக்கிட்டு வரி வாங்கிய அரசு, தறியையும் கணக்கிட்டு வரி வாங்கியது. 10-ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் வெளியிட்ட செப்பேடுகள், காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடியிருந்த சேரிகளைப் பற்றியும், கோயிற் கணக்கை மேற்பார்க்கும் பொறுப்பு அவர்களிடம் இருந்ததைப் பற்றியும் கூறுகின்றன. அச்செப்பேடுகள் நெசவாளரைத் தனித்தனி ஆட்களாகப் பேசாமல், குடியிருப்பு குடியிருப்பாகவே பேசுகின்றன என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

தறி இடம் பெயர்ந்த வரலாறுகளையும் பார்க்கும்போது இவ்வுண்மை இன்னும் தெளிவாகிறது. சௌராட்டிர மக்கள் மேற்கேயுள்ள தங்கள் நாட்டை விட்டுப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்டு, வழியில் பல ஊர்களில் தங்கி, முடிவில் மதுரையிலும் சேலத்திலும் பிற ஊர்களிலும் குடியேறினார்கள். மொழி வேறு, நாடு வேறு; ஆனாலும் அவர்களுடைய தறி நிற்கவில்லை. நெய்பவர், சாயம் தோய்ப்பவர், விற்பவர் அனைவரும் ஒரு கூட்டமாகப் பெயர்ந்தார்கள் என்பதே இதற்குக் காரணம்.

சென்னையில் இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. துணி வாணிகத்துக்காகவே 1639-இல் சென்னையில் கால் வைத்த கிழக்கிந்தியக் கம்பெனியார், வெளியூர்களிலிருந்து துணி வந்து சேருவதற்குக் காத்திருப்பதை விட நெசவாளரையே அருகில் குடியேற்றிவிடுவது நலம் என்று கருதினார்கள். ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது, 1734-ஆம் ஆண்டில், கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் ஓர் ஊரை அமைத்தார்கள். அங்கே நூற்பவரையும் நெய்பவரையும் துணிக்கு வண்ணம் தீட்டுபவரையும் வெளுப்பவரையும் சேர்த்துக் குடியேற்றினார்கள். அதுவே சின்னத் தறிப்பேட்டை. இன்றைய மக்கள் வாயில் அது சிந்தாதிரிப்பேட்டை ஆகிவிட்டது. கம்பெனியார் இலாப நோக்கமுடையவர்களே. ஆயினும் ஓர் உண்மையை அவர்கள் அறிந்திருந்தார்கள். தறியைப் பெயர்க்க வேண்டுமானால் தெருவையே பெயர்க்க வேண்டும் என்பதே அது.

சிந்தாதிரிப்பேட்டை தோன்றியதற்கு ஓராண்டு முன்பு, 1733-இல், இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் தறியிலே ஒரு மாற்றத்தைச் செய்தார். அதுவரையில் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். ஆகையால் துணியின் அகலம் அவன் கைகள் எட்டும் அளவைத் தாண்ட முடியாது. ஜான் கே, பலகையின் இரு முனைகளிலும் பெட்டி போன்ற அமைப்பை வைத்து, ஒரு கயிற்றை இழுத்தால் நாடா தானே பாய்ந்தோடும்படி செய்தார். ஒரு கை நாடாவை ஓட்ட, மற்றொரு கை அச்சை இறுக்கலாம். ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் நெய்ய முடிந்தது. இதையே நாம் விசைத்தட்டு என்கிறோம்.

இவ்வமைப்பு நம் நாட்டு நெசவாளரிடையே பரவுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் இதற்காக உழைத்தவர்களுள் ஆல்பிரட் சாட்டர்டன் குறிப்பிடத்தக்கவர். அலுமினியப் பாத்திரத் தொழிலைச் சென்னையில் தொடங்கி வைத்தவரும் இவரே. பிற்காலத்தில் மைசூர் அரசிலும் தொழில்துறையை நடத்தினார். இவருடைய முயற்சியால் சேலத்தில் 1906-ஆம் ஆண்டில் அரசினர் நெசவுச்சாலை ஒன்று ஏற்பட்டது. புதிய தறிகளை ஒரே கூரையின்கீழ் வரிசையாக வைத்து, நெசவாளரைக் கூலிக்கு அமர்த்தி, குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குப் போகச் செய்தால் தொழில் செழிக்கும் என்று எண்ணினார்கள். தறி நன்றாகவே ஓடியது. ஆள்தான் நிலைக்கவில்லை. தன் வீட்டில், தன் பெண்டு பிள்ளைகளோடு, தனக்கு வேண்டிய நேரத்தில் நெய்து பழகிய நெசவாளி, மணி அடித்தால் வந்து மணி அடித்தால் போகும் வேலையை விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அந்தச் சாலை மூடப்பட்டது.

ஆனால் விசைத்தட்டு தோற்கவில்லை. தறி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, பலகையை மட்டும் மாற்றினால் போதும் என்பதை நெசவாளர் கண்டுகொண்டனர். பழைய குழித்தறியிலேயே புதிய பலகையைப் பொருத்திக்கொள்ளலாம். ஊர்த் தச்சனே ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்துவிடுவான். செலவோ குறைவு. இப்படியாக, சாலைக்குப் போக மறுத்த நெசவாளியின் வீட்டுக்கே சாலையின் பலகை வந்து சேர்ந்தது. வீட்டையும் தெருவையும் கலைக்காத மாற்றத்தை நெசவாளர் மகிழ்ந்து ஏற்றனர். அவற்றைக் கலைக்கும் மாற்றத்தை மறுத்தனர். நெசவாளி புதுமைக்குப் பகைவன் என்று சொல்லுவோர் இந்த வரலாற்றைப் படித்துப் பார்ப்பது நலம்.

இப்பொழுது நாம் தங்கவயலுக்குத் திரும்புவோம். சேலத்து நெசவாளி நெசவுச்சாலைக்குப் போகமாட்டேன் என்று சொல்ல முடிந்தது. அவனுக்கு வீடும் தெருவும் இருந்தன. பஞ்சத்தால் பெயர்ந்து வந்தவனுக்கு அவை இல்லை. அவன் தெருவோடு வரவில்லை; தனி ஆளாக வந்தான், அல்லது மனைவி மக்களோடு மட்டும் வந்தான். மூங்கில் தட்டியால் அமைந்த வரிசைக் குடிசைகளில் அவனுக்கு இடம் கிடைத்தது. அச்சிறு அறையில் குழி வெட்ட இடம் ஏது? வரிசைக்கும் வரிசைக்கும் இடையே பாவு விரிக்கப் பாவடி ஏது? அச்சுக் கட்டுபவர் எங்கே? நூல் கடன் கொடுப்பவர் எங்கே? நெய்த துணியை வாங்க வரும் பழகிய உழவர் எங்கே? இவற்றுக்கு மேலாக, சுரங்கத்தின் சங்கு அவனுடைய பொழுதைப் பங்கு போட்டது. இரவு முறைக்கு இறங்கி விடியலில் ஏறி வருபவன், வெயில் ஏறுமுன் பாவு நீவுவது எவ்வாறு? இடுப்பளவும் ஆழமில்லாத தறிக்குழியை விட்டு வந்தவன், பாதாளம் போன்ற குழிக்குள் நாள்தோறும் இறங்கினான். கையின் திறம் கையோடு இருந்தது. ஆனால் அதைப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தறி இல்லை. கைத்தொழிலை ஏட்டில் எழுதி வைத்துக் காப்பாற்ற முடியாது. ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினால் அடுத்த தலைமுறைக்கு அது கதை மட்டுமே.

தங்கவயலில் நம்மவர் சாதித்தவை சிலவல்ல. நாட்டின் பொன்னில் பெரும் பகுதியை அவர்கள் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். 1930-ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்திலும் 1946-ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்திலும் தங்கள் மதிப்பைக் காத்துக்கொள்ள ஒன்றுபட்டு நின்றார்கள். பத்திரிகை நடத்தினார்கள், புத்தகசாலை வைத்தார்கள், சங்கம் கண்டார்கள். தனி ஆட்களாக வந்தவர்கள் அங்கே புதியதொரு தெருவை உண்டாக்கிவிட்டார்கள். ஆனால் அந்தத் தெரு சுரங்கத்தை நம்பிய தெரு. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. இன்றைக்குச் சாம்பியன் ரீப்ஸ் மக்கள் பலர் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். சயனைடு மண் மேடுகள் மட்டும் பழைய நாளின் சாட்சியாக நிற்கின்றன. பிறர் வைத்து நடத்தும் தொழில் பிறர் நினைத்த அன்றே நின்றுவிடும். நம் கையில் உள்ள தொழிலை நிறுத்த நம்மாலன்றி முடியாது. சுரங்கம் மூடிய அன்று இந்த வேற்றுமையைத் தங்கவயல் முழுவதும் உணர்ந்தது.

விட்டுப்போன கைத்தொழிலை மீண்டும் பெற முடியுமா? முடியும் என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்விலேயே சான்று இருக்கிறது. 1915-இல் அகமதாபாத்தில் தொடங்கிய சத்தியாக்கிரக ஆசிரமத்தில் சில கைத்தறிகளை வைத்தார்கள். வைத்த பிறகுதான் ஆசிரமத்தில் ஒருவருக்கும் நெய்யத் தெரியாது என்பது புலனாயிற்று. அனைவரும் படிப்பாளிகள் அல்லது வணிகர்கள். பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாளரை வரவழைத்தார்கள். அவரும் தம் தொழில் முழுவதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். ஆனால் மகன்லால் காந்தி விடவில்லை. தறியைப் பார்த்துப் பார்த்து, கை வைத்து வைத்து, அதன் நுட்பம் முழுவதையும் கற்றுக்கொண்டார். அவர் வழியாகப் பலர் கற்றார்கள். நெசவுக் குலத்தில் பிறவாத ஒரு வீட்டாரே தறியைக் கற்றுக்கொண்டபோது, நெசவு நாட்டிலிருந்து வந்த நாம் கற்க முடியாதா?

ஆகவே, சிறிய மரத்தறி ஒன்றை வீட்டில் அமைக்கும் முறையை இங்கே கூறுவோம். குழித்தறியை அடுக்கு வீட்டில் அமைக்க முடியாது. ஆனால் பிரித்தல், ஓட்டுதல், இறுக்குதல் என்னும் மூன்று செயல்களையும் செய்துகாட்டும் சட்டத்தறியை அமைக்கலாம்.

நன்கு உலர்ந்த மரத்தில், 2 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள சட்டங்கள் நான்கு வேண்டும். பக்கச் சட்டங்கள் இரண்டும் மூன்றரை அடி நீளம். குறுக்குச் சட்டங்கள் இரண்டும் 2 அடி நீளம். தேக்கு, வேம்பு, மா ஆகிய எதுவும் ஆகும். உடைந்த கட்டிலின் சட்டமும் ஆகும். பச்சை மரம் மட்டும் ஆகாது. காயக் காய அது முறுக்கிக்கொண்டு பாவைத் தளர்த்திவிடும். குறுக்குச் சட்டங்களைப் பக்கச் சட்டங்களின் முனைகளிலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளி, துளையும் கழுந்துமாகப் பொருத்தலாம். பழக்கம் இல்லாதவர்கள் திருகாணியால் முடுக்கலாம். பொருத்திய பின், மூலைக்கு மூலை குறுக்காகக் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை என்று அறியலாம். சட்டம் கோணினால் துணியும் கோணும்.

அடுத்தது ஆணி. குறுக்குச் சட்டங்களின் நடுவில் 12 அங்குல அகலத்துக்கு, அங்குலத்துக்கு நான்காகச் சிறு ஆணிகளை அறைய வேண்டும். மேற்சட்டத்தில் 48, கீழ்ச்சட்டத்தில் 49. ஒரே கோட்டில் அறைந்தால் மரம் வெடிக்கும். ஆதலால் அரை அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள் இழுத்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக மாற்றி மாற்றி அறையுங்கள். ஆணிகள் சட்டத்தின் வெளிப்புறத்தை நோக்கிச் சிறிது சாய்ந்திருந்தால் நூல் நழுவாது.

இனிப் பாவு போடலாம். முறுக்கேறிய உறுதியான பருத்தி நூலைக் கீழ்ச்சட்டத்தின் முதல் ஆணியில் முடிந்து, மேற்சட்டத்தின் முதல் ஆணியைச் சுற்றி, கீழே இரண்டாம் ஆணிக்கு வந்து, மீண்டும் மேலே இரண்டாம் ஆணிக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு கீழே 49-ஆம் ஆணியில் வந்து முடியும்போது 96 இழைகள் கிடைக்கும். இதற்கு ஏறக்குறைய 100 கஜம் நூல் செல்லும். எல்லா இழைகளும் ஒரே விறைப்பில் இருப்பது மிகவும் இன்றியமையாதது. விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் தளர்ந்த இழை தானே தெரிந்துவிடும்.

ஒன்றரை அங்குல அகலமுள்ள மெல்லிய பட்டைப் பலகை ஒன்றை, ஓர் இழைக்கு மேலும் மறு இழைக்குக் கீழுமாகப் பாவின் ஊடே செருகுங்கள். பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் பாதி இழைகள் எழுந்து நாடாவுக்கு வழி உண்டாகும். மற்றப் பாதிக்குத்தான் விழுது வேண்டும். பலகைக்குக் கீழே தங்கிய 48 இழைகளுக்கும் தனித்தனியே நூற்கண்ணி இட்டு, அக்கண்ணிகளை எல்லாம் ஓர் உருண்டைக் குச்சியில் வரிசையாகக் கட்டுங்கள். இக்குச்சி, பலகைக்கும் நெய்பவருக்கும் இடையே அமைய வேண்டும். கண்ணிகள் யாவும் ஒரே நீளமாக இருப்பதற்கு, ஒரு கட்டையில் 4 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகள் அறைந்து, அவற்றைச் சுற்றியே எல்லாவற்றையும் முடிந்துகொள்ளலாம். பலகையைப் படுக்க வைத்துப் பின்னே தள்ளிவிட்டுக் குச்சியைத் தூக்கினால் மறு பாதி இழைகள் எழும். குழித்தறியில் கால் செய்த வேலையை இங்கே கை செய்கிறது.

நாடாவுக்கு, இரு முனைகளிலும் பிளவு வெட்டிய வழவழப்பான பட்டைக்குச்சி போதும். அதில் ஊடை நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். இறுக்குவதற்கு அகன்ற பல்லுள்ள மரச்சீப்பு ஆகும். முதலில் நாலைந்து வரி பழந்துணிக் கீற்றுகளை ஓட்டினால் ஆணியடியில் நெருங்கிய இழைகள் பரந்து சீராகும். அதன்பின் நூலை ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் ஊடையை நேராக இழுக்காமல் சிறிது வில்லாக வளைத்து விட்டு இறுக்குங்கள். இதை மறந்தால் துணியின் இரு கரைகளும் உள்வாங்கி, நடுவிலே இடுப்பு ஒடுங்கிய துணி வந்து சேரும். புதிதாக நெய்கிறவர் அனைவருக்கும் நேரும் பிழை இதுவே. இத்தறியில் ஓர் அடி அகலமும் சுமார் இரண்டரை அடி நீளமும் உள்ள கைத்துண்டு ஒன்றை நெய்யலாம். முடிந்ததும் ஆணிகளிலிருந்து கழற்றி, முனை இழைகளை முடிச்சிட வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒரு கைத்துண்டா என்று சிலர் கேட்கலாம். கடையில் அதை எளிதில் வாங்கலாமே என்றும் சொல்லலாம். உண்மைதான். இச்சட்டத்தறி யாருக்கும் பிழைப்புத் தராது. அப்படித் தரும் என்று சொல்வது பொய். நெசவையே பிழைப்பாகக் கொண்டவர்களுடைய துன்பங்கள் நாம் அறியாதவையல்ல. 2019-20-ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைத்தறியையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பி இருக்கிறார்கள். அவர்கள் நெய்யும் துணியை விலைபேசும் நாம், அதில் எத்தனை இழைகள், எத்தனை முறை நாடா ஓடியது என்பதை அறிவதில்லை. தன் கையால் ஒரு துண்டு நெய்து பார்த்த பிள்ளை, கைத்தறித் துணியின் விலையைக் கேட்டு முகம் சுளிக்காது. அந்த அறிவே இந்தத் தறியின் முதல் பயன்.

இரண்டாவது பயனும் ஒன்று உண்டு. தறி ஒருபோதும் தனி ஆளின் கருவியாக இருந்ததில்லை என்று முன்னர்க் கண்டோம். சட்டத்தை ஒருவர் செய்ய, பாவை இருவர் பிடிக்க, கண்ணிகளைச் சிறுவர் முடிய, நூலின் நிறத்தைப் பாட்டி தேர்ந்தெடுக்க, ஒரு வீடு முழுவதும் அதைச் சுற்றி அமரும். தறிகள் தனித்தனியே நின்றால் நலிந்துவிடும் என்பதை உணர்ந்துதான் 1935-ஆம் ஆண்டில் சென்னை மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார்கள். அதையே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று அறிகிறோம். குலைந்துபோன தெருவைக் கூட்டுறவாக மீண்டும் அமைக்கும் முயற்சி அது.

பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் தனித்தனியே வந்தவர்கள். நம் முன்னோரின் பாவடி நம்மோடு வரவில்லை. ஆனால் தமிழ்ச் சங்கம் என்றும் படிப்பகம் என்றும் கோயில் திருவிழா என்றும் நாம் கூடும் இடங்கள் எங்கும் உண்டு. அத்தகைய இடமொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு சட்டங்களையும் ஒரு பிடி ஆணியையும் ஒரு கண்டு நூலையும் வைத்துப் பாருங்கள். நெசவு தெரிந்த முதியவர் ஒருவர் எங்கேனும் இருப்பார். தறியைக் கண்டதும் அவர் கை தானே நீளும். அவர் கை சொல்லிக் கொடுப்பதைப் பிள்ளைகளின் கை வாங்கிக்கொள்ளட்டும். ஐந்து வீடுகளில் ஐந்து தறிகள் ஏறிவிட்டால், நூல் வாங்கவும் பிழை திருத்தவும் ஒருவரை ஒருவர் தேடிச் செல்வார்கள். அதுவே தெருவின் தொடக்கம். சாம்பியன் ரீப்ஸுக்கு அன்று வராமற் போன தெரு, இனியேனும் நாம் வாழும் ஊருக்கு வரட்டும்.